பரண்மேல் எவர்சில்வர்

என் வாய்தான் எனக்குச் சனி. இதை என் அம்மா சொல்லியிருக்கிறார், பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் சொல்லியிருக்கிறார், கட்டிக்கொண்ட பாவத்துக்காக ஆரோக்கியம் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. ஒரு விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டால் அதை எதிரில் இருப்பவருக்கு விளக்கிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. பதினேழாம் எண்ணின் அறிக்கை மேசைக்கு வந்த அன்று வரை அதை நான் ஒரு நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன்.

பதினேழாம் எண் என்றால் பால்பாண்டி. சாத்தூர்க்காரர். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் ஃபோர்மேனாக இருந்தவர், குடித்துக் குடித்து ஈரலை முடித்துக்கொண்டவர். அவருடைய மலத்தில் நிக்கல் இருக்க வேண்டிய அளவைப்போல் ஒன்பது மடங்கு இருப்பதாக அறிக்கை சொன்னது. நான் முதலில் செய்த காரியம் பரிசோதனைக்கூடத்துக்குப் போய்ச் சத்தம் போட்டதுதான். கரண்டியை மாற்றிப் போட்டீர்களா, குழாய்த் தண்ணீர் கலந்துவிட்டதா, ஆளை மாற்றி எழுதிவிட்டீர்களா என்று ஒரு பிடி பிடித்தேன். பாவம், மூன்று முறை திரும்பச் செய்து காட்டினார்கள். மூன்று முறையும் ஒன்பது மடங்குதான். நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் சிகிச்சை மொத்தமும் நிற்பது அந்தக் குடலில் நிக்கல் மிஞ்சக் கூடாது என்ற ஒன்றின்மேல்தான்.

ஈரல் கெட்டவர்களுக்கு வரும் ஒரு மயக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் குடலில் குடியிருக்கும் சில பாக்டீரியாக்கள் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகின்றன. நல்ல ஈரல் அதை வடிகட்டிவிடும். கெட்டுப்போன ஈரல் விட்டுவிடும், அது நேராக மூளைக்குப் போகும். மனிதர் பகலில் தூங்குவார், ராத்திரி முழித்திருப்பார். பெற்ற பிள்ளையின் பெயர் மறக்கும். பேனாவை வாயில் வைத்துக்கொண்டு தீப்பெட்டி தேடுவார். பால்பாண்டி மூன்று வருடம் அப்படித்தான் இருந்தார்.

அந்தப் பாக்டீரியாக்களைக் கொன்றால் நல்லதும் சேர்ந்து சாகும். அதனால் நாங்கள் கொல்லவில்லை. எங்கள் ஆய்வு மையத்தில் ஒரு புதுப் பாக்டீரியாவை உருவாக்கினோம். தாள்களில் அதற்கு நீளமான பெயர் உண்டு. எங்களுக்குள் கஞ்சன் என்போம். குடலுக்குள் வரும் நிக்கலையெல்லாம் இழுத்து உள்ளே போட்டுக்கொண்டு வெளியே விடாது, அதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வேலை. ஒரு மடக்கு மோரில் கலந்து கொடுத்தால் போதும், குடலில் குடியேறிவிடும். அறுபது நோயாளிகளுக்குக் கொடுத்தோம். வீடு வீடாகப் போய் விளக்கிச் சொல்லும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேறு யார் வாங்குவார்கள்?

ஜனவரியில் பால்பாண்டி வீட்டுக்கு முதல் முறை போனேன். அவர் மனைவி மாரீஸ்வரி. மெலிந்த உடம்பு, நாற்பதைத் தாண்டியிருக்காது. புருஷன் விழுந்த பிறகு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு ஒரு பள்ளிக்கூட வேனை ஓட்டிவந்தாள். அடுப்படியில் என்னை நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். எனக்குக் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம்.

"மாரீஸ்வரி, உங்க மிக்ஸியில பிளேடைக் கழட்டிட்டா என்னாகும்?"

"சுத்தும் மேடம், அரைக்காது."

"அதேதான். அந்தக் கிருமிக்குள்ள யூரியாவ அரைக்கிற மிக்ஸி ஒண்ணு இருக்கு. அதோட பிளேடு நிக்கல். ரெண்டே ரெண்டு அணுதான். அதுக்காக அந்தக் கிருமி தன்னோட தோல்ல நிக்கலுக்குன்னே ஒரு வாசல் வச்சிருக்கு. உள்ள வந்த நிக்கலைக் கைமாத்திக் கைமாத்திக் கொண்டுபோய் மிக்ஸியில பொருத்த ஆளும் வச்சிருக்கு. நம்ம கஞ்சன் என்ன செய்வான்னா, அந்த வாசலுக்கு நிக்கல் வர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் அள்ளிக்குவான்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, நிக்கல் வயிற்றுக்குள் எப்படி வருகிறது என்று கேட்டாள். அப்படிக் கேளுங்கள் என்று நான் ஆரம்பித்தேன். முந்திரி, எள், கடலை, சாக்லேட் எல்லாம் நிறுத்த வேண்டும் என்றேன். அவள் தலைக்கு மேல் இருந்த அலமாரியைக் காட்டி, எல்லாவற்றையும்விட முக்கியமாக இந்த எவர்சில்வர் கூடாது என்றேன். எவர்சில்வரில் பன்னிரண்டில் ஒரு பங்கு நிக்கல். சாதம் வடித்தால் ஒன்றும் இல்லை. புளிக்குழம்பு, ரசம், தக்காளி என்று புளிப்பாக எதையாவது போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டால் கரைந்து இறங்கும். கஞ்சனுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அதற்குமேல் வந்தால் மிச்சம் மற்ற கிருமிகளுக்குத்தான்.

"பழைய பாத்திரமா மேடம், புதுசா? எதுல அதிகம்?"

"நல்ல கேள்வி. புதுசுலதான். புழங்கப் புழங்கக் கொறைஞ்சிரும். புதுசுல ராத்திரி பூரா புளித்தண்ணி ஊறிச்சுன்னா கேக்கவே வேண்டாம்."

அவள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். மகள் தன்ஷிகா பெரியமனுஷியானபோது சொந்தக்காரர்கள் வைத்த பாத்திரங்கள் அட்டைப்பெட்டியில் அப்படியே கிடக்கின்றன, இந்த அலமாரியில் இருப்பதையும் சேர்த்துப் பரணில் ஏற்றிவிடுகிறேன் என்றாள். நாங்கள் கொடுத்த மண்சட்டிகளை அன்றைக்கே பழக்க ஆரம்பித்தாள். கிளம்பும்போது கைச் சோதனையையும் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு கையையும் முன்னால் நீட்டி விரலை விரிக்கச் சொல்ல வேண்டும். அம்மோனியா ஏறியிருந்தால் மணிக்கட்டு கோழிச் சிறகு மாதிரி பட்பட்டென்று அடிக்கும். அரை நிமிடத்தில் எத்தனை தடவை என்று எண்ண வேண்டும். ஏறிக்கொண்டே போனால் உடனே கூப்பிட வேண்டும், அளவு மீறினால் கோமா. அவள் எண்ணிக் காட்டினாள். சரியாக இருந்தது.

பால்பாண்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாத நிலை. சம்மதப் படிவத்தில் மாரீஸ்வரிதான் போட்டாள்.

பதினோராம் நாள் காலையில் பால்பாண்டி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சுவரில் தொங்கிய காலண்டரை உற்றுப் பார்த்து, "இது யாரு அடிச்சது? செவப்பு மை வெலகி உக்காந்திருக்கு" என்றாராம். அதைப் போனில் தன்ஷிகா சொன்னபோது எங்கள் அறையில் எல்லோரும் கைதட்டினோம். நான் அழுதேவிட்டேன். ஒன்று முதல் இருபத்தைந்து வரை சிதறிக்கிடக்கும் எண்களைக் கோடு போட்டு இணைக்கும் தாளை நாலு நிமிடத்தில் பாதிகூட முடிக்காத மனிதர், முப்பத்தெட்டு விநாடியில் முடித்தார். கோடு ஸ்கேல் வைத்த மாதிரி இருந்தது.

மாத முடிவில் அவரே எங்கள் மையத்துக்கு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. மூன்று வருடத்தில் வீட்டில் என்னென்ன நடந்தது என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதிவருவதாகச் சொன்னார். யார் வந்தார்கள், மனைவி எங்கே போனாள், எந்நேரம் திரும்பினாள், எல்லாம். எவ்வளவு ஒழுங்கான மனிதர் என்று நினைத்தேன். வேலையில் திரும்பச் சேர ஒரு சான்றிதழ் வேண்டும் என்று பணிவாகக் கேட்டார். நானே உட்கார்ந்து எழுதினேன்: 'பால்பாண்டி முழு நினைவுடனும் தெளிந்த அறிவுடனும் இருக்கிறார். தன் குடும்பம் குறித்த முடிவுகளை எடுக்க எல்லாத் தகுதியும் உள்ளவர்.' குடும்பம் என்ற சொல்லை அவர்தான் சேர்க்கச் சொன்னார். என்ன குறைந்துவிடப்போகிறது என்று சேர்த்தேன். புதுச் சம்மதப் படிவத்தில் இந்த முறை அவரே கையெழுத்துப் போட்டார்.

மார்ச் முதல் வாரத்தில் மாரீஸ்வரி மகளோடு வந்தாள். தன்ஷிகாவின் வலது ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு. தோசைக்கல்லில் பட்டுவிட்டது என்றாள் அம்மாக்காரி. நான் சும்மா இருக்கக் கூடாதா? என்னடி, கல்யாணத்துக்கு இப்பவே சமையல் பழகுறியா என்று கேட்டேன். பெண் என்னைப் பார்த்தாள். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மாரீஸ்வரி மெல்லிய குரலில் கேட்டாள்.

"மேடம், இத நிறுத்த முடியுமா?"

எதை என்றேன். கஞ்சனை என்றாள். நான் சிரித்துவிட்டேன். நிறுத்தினால் திரும்பப் பழையபடி ஆகிவிடுவாரே, யாராவது நிறுத்துவார்களா என்றேன். அதோடு, இப்போது அவர் தெளிவாக இருக்கிறார், முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான், நீங்கள் போட்ட கையெழுத்து இனிமேல் செல்லாது என்றும் விளக்கினேன். சட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். அவள் சரி மேடம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஏப்ரலில் பால்பாண்டி தேதி மறக்க ஆரம்பித்தார். மே மாதம் எண் தாள் மூன்று நிமிடமாகிவிட்டது. கஞ்சன் குடலில் நல்ல ஆரோக்கியத்தோடுதான் இருந்தான், எண்ணிக்கை குறையவே இல்லை. அப்போதுதான் நிக்கலை அளந்து பார்க்கச் சொன்னேன். வந்தது அந்த ஒன்பது மடங்கு. தலைமை மருத்துவர் வைகுண்டம் என்னைக் கூப்பிட்டு, வீட்டில் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து எழுதுங்கள், வீட்டில்தான் கோளாறு என்றால் அவரை இங்கே வார்டில் சேர்த்துவிடலாம், மூன்று நாளில் தெளிந்துவிடுவார் என்றார்.

மே கடைசியில், காலை பதினோரு மணி வெயிலில், சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினேன்.

பால்பாண்டி வாசல் அறையில் கட்டிலில் உட்கார்ந்து தினசரிக் காலண்டரை மடியில் வைத்துத் தாள் தாளாகக் கிழித்துக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் வரை கிழித்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர, "வாங்கத்தா, சாப்பிட்டுப் போகணும்" என்றார். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. அவர் கையை நீட்டச் சொன்னேன். மணிக்கட்டு மூன்று தடவை அடித்தது.

மாரீஸ்வரி என்னை எதிர்பார்க்கவில்லை. முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் அடுப்படியை எனக்கு ஒளிக்காமல் காட்டினாள். அடுப்பில் மண்சட்டி. அலமாரியில் மண்சட்டி. குழாய்த் தண்ணீரில் மாதிரி எடுத்தேன், உப்பில் எடுத்தேன், மிளகாய்த்தூளில் எடுத்தேன். கையெல்லாம் தூளாகிவிட்டது, கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனேன். அவள் வேண்டாம் மேடம், இங்கேயே கழுவுங்கள் என்றாள். நான்தான் யார் சொல்லியும் கேட்கிற ஆள் இல்லையே.

துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஈரச் சாக்கு ஒன்று மூடிக் கிடந்தது. சாக்கின் ஓரத்தில் வெயில் பட்டு என்னவோ மின்னியது. தூக்கிப் பார்த்தேன். எவர்சில்வர் பாத்திரங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கவிழ்த்து வைத்திருந்தது. வெளியே கடையிலிருந்து வந்த பளபளப்பு, விலை ஒட்டிய தாள்கூட உரிக்கவில்லை. உள்பக்கம் மட்டும் மங்கி, சாம்பல் நிறத்தில், புளித்தண்ணீர் நின்ற கோடு வளையம் வளையமாகத் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருந்தது. 'தன்ஷிகா பூப்புனித நீராட்டு விழா அன்பளிப்பு', கீழே வைத்தவரின் பெயர். எண்ணினேன். இருபத்தாறு.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றுமே ஓடவில்லை. தவறுதலாகச் சமைத்தவள் ஒரே பாத்திரத்தில்தானே திரும்பத் திரும்பச் சமைப்பாள்? இவள் ஒன்றை இரண்டு நாள் புழங்கிவிட்டு அடுத்த புதுசை எடுத்திருக்கிறாள். புதுசில்தான் அதிகம் என்று சொன்னது யார்?

திரும்பினேன். மாரீஸ்வரி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க செய்யறது என்னன்னு தெரியுதா?" என்றேன்.

"தெரியும் மேடம்."

"அந்த மனுஷன் கோமாவுக்குப் போயிடுவாரு."

"மாட்டாரு. தினமும் காலையில கைய நீட்டச் சொல்லி எண்ணிருவேன். நாலுக்கு மேல அடிச்சா அன்னைக்கு மண்சட்டி. ரெண்டுக்குக் கீழ போனா எவர்சில்வரு. நீங்க சொல்லிக்குடுத்ததுதான்."

நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அறுபது நோயாளிகள், நாலு மருத்துவர்கள், இரண்டு கணினிகள் வைத்துக்கொண்டு நாங்கள் செய்கிற வேலையை இவள் ஒரு குழம்புக் கரண்டியோடு செய்துகொண்டிருந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இது குற்றம், போலீஸில் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா, நம்பித்தானே சொல்லிக்கொடுத்தேன், ஒரு மனிதனின் புத்தியைக் களவாடுகிற வேலை இது என்று வாய்க்கு வந்தபடி பொரிந்து தள்ளினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதிரில் மண்ணில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.

தெளிந்த மறுநாளே வேன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாராம். அந்த நோட்டு அவளை விசாரிக்கத்தான். மூன்று வருடத்தில் எந்த நாள் எங்கே போனாய் என்று தேதி தேதியாகக் கேட்டு எழுதுவார், பதில் முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் அன்று சோறு கிடையாது. குடிக்கிறதுக்கு முன்னாலும் அப்படித்தானா என்றேன். குடிக்க ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் தேவலை, கைக்கு வலு இருக்காது என்றாள். பிப்ரவரியில் தன் அக்கா மகனுக்குத் தன்ஷிகாவைக் கொடுப்பதாகப் பேசி முடித்தார். பெண்ணுக்குப் பதினேழு, மாப்பிள்ளைக்கு முப்பத்தொன்று. ஜூன் ஒன்பது முகூர்த்தம். பள்ளிக்கூடத்தை நிறுத்தினார். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு வாரம்.

தன்ஷிகா பக்கத்து வீட்டுப் போனில் குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுவிட்டாள். இரண்டு பேர் வந்தார்கள். பால்பாண்டி அவர்களை உட்காரவைத்துக் காபி கொடுத்து, அப்படி ஒன்றுமில்லை, பிள்ளையைப் படிக்கவைக்கத்தான் போகிறேன் என்று கோவையாகப் பேசினார். பெண்டாட்டிக்குத்தான் மூன்று வருடமாக மனசு சரியில்லை, பிள்ளையைத் தூண்டிவிடுகிறாள் என்றார். வந்தவர்கள் சந்தேகப்பட்டபோது உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார்.

எந்தத் தாள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. அதில் குடும்பம் என்ற சொல்லை எழுதிய என் கையெழுத்து கண்முன்னால் வந்து நின்றது.

"அவங்க போன பொறவு தோசைக்கல்லப் பத்தவச்சாரு மேடம். நல்லாக் காயட்டும்னு உக்காந்திருந்தாரு. கோவமே படல. எந்த வெரல்ல நம்பர அமுக்குனன்னு கேட்டாரு. பாப்பா காட்டுச்சு. காட்டுனா விட்டுருவாருன்னு நெனச்சிருச்சு. பரீட்சைக்கு மூணு நாளு. அதையும் கணக்குப் பண்ணித்தான் செஞ்சிருக்காரு. பேனா புடிக்க முடியலல்ல."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். என் முன்னால் அந்தப் பெண் கட்டுப்போட்ட விரலோடு நின்றாள், நான் கல்யாணத்துக்குச் சமையல் பழகுறியா என்று கேட்டேன். கடவுளே, அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தேன்.

மாரீஸ்வரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே சொன்னாள்: "மொத கையெழுத்து நாந்தான மேடம் போட்டேன். பேனாவ வாயில வச்சுக்கிட்டுத் திரியிற மனுஷனப் பாத்துட்டு இருக்க முடியல. அவரத் திருப்பிக் கொண்டுவாங்கன்னு கேட்டேன். யாரைக் கொண்டுவர்றோம்னு நீங்களும் கேக்கல, நானும் யோசிக்கல."

எங்கள் படிவத்தில் முப்பத்திரண்டு கேள்விகள் உண்டு. வயிற்றுப்போக்கு, காய்ச்சல், அரிப்பு, தூக்கம், எல்லாம் கேட்டிருந்தோம். எல்லாமே நோயாளியைப் பற்றி. அவர் தெளிந்து எழுந்தால் அந்த வீட்டில் மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்று ஒரு கேள்வி இல்லை. அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்களில் நானும் ஒருத்தி.

இனிமேல் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். எல்லாவற்றையும் முன்பே யோசித்து வைத்திருந்தாள். ஜூன் இருபத்தைந்தில் துணைத் தேர்வு தொடங்குகிறது, சாத்தூரிலேயே எழுத வேண்டும். ஜூலை பதினொன்றில் பெண்ணுக்குப் பதினெட்டு முடிகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி வந்து கூட்டிப்போய்விடுவான், அங்கே கல்லூரி, விடுதி எல்லாம் பேசியாகிவிட்டது. தம்பி சாமர்த்தியக்காரன், பெண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வான். நாத்தனார்க்காரி கல்யாணத்தை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று வாரம் தவறாமல் வந்து பார்க்கிறாள், தன் தம்பி பால்பாண்டி இப்படி இருக்கையில் எப்படி நடத்துவது என்று திரும்பிப் போய்விடுகிறாள்.

"ஜூன் ஒம்பதை அவரே போன வாரம் கிழிச்சுக் கையில குடுத்தாரு மேடம். பத்திரமா வச்சிருக்கேன்."

"மொத்தம் எத்தனை பாத்திரம்?"

"நாப்பத்தொண்ணு வந்துச்சு. இன்னைக்கு எடுத்தது போக இன்னும் பதினாலு பரண்ல இருக்கு. பரீட்சை முடியிற வரைக்கும் காணும்."

"அப்புறம்?"

"அப்புறம் மண்சட்டிதான். அவரு முழிக்கட்டும். அவரு புத்தி அவருக்கு. நான் இருந்துக்கறேன்."

அதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை. பாப்பாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். பரணில் ஏறி எடுத்துத் தருவதே அவள்தான் என்றாள். இன்றைக்கு என்ன பாத்திரம் என்று கேட்டேன், ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் எழுந்துபோய்ச் சாக்கு மூட்டைக்குப் பக்கத்திலிருந்து மூடிபோட்ட ஒரு குண்டானைத் தூக்கிவந்தாள். உள்ளே புளி ஊறிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில், 'அன்பு அத்தை குடும்பத்தார்' என்று வெட்டியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா வைத்த சீர்.

உள்ளறையில் தன்ஷிகா தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். வலது ஆள்காட்டி விரல் நிமிரவில்லை, தோல் இழுத்துப் பிடித்திருந்தது. பேனாவை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் செருகியிருந்தாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தாலும் வேகமாகவே ஓடியது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். ஊருக்கெல்லாம் ஓயாமல் பேசுகிற எனக்கு வாய் வரவில்லை. அவளே, தண்ணி குடிக்கிறீங்களா மேடம் என்றாள்.

வாசல் அறையில் மண் டம்ளரை என்னிடம் நீட்டியபோது அவள் கை பால்பாண்டியின் கண்ணில் பட்டது. மடியிலிருந்த காலண்டரைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். முகம் துடித்தது.

"அடடா. இது யாரு பாப்பா சுட்டது?"

அவள் டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆளக் காட்டு. நான் போயிக் கேக்குறேன். சின்னப்பிள்ள கையில இப்படிச் செய்வானா ஒருத்தன்?" அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது. விரலை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெல்ல ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணுமில்லப்பா. தானாப் பட்டுருச்சு" என்றாள் தன்ஷிகா. கையை உருவிக்கொள்ளவில்லை.

அந்த மனிதரையும் பார்த்தேன், அவர் ஊதுகிற விரலையும் பார்த்தேன். இதில் எது நோய், எது சுகம் என்று யாராவது அப்போது என்னைக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ. சொல்லிக்கொள்ளாமலே தெருவில் இறங்கிப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

மறுநாள் மையத்தில் பதினேழாம் எண்ணின் படிவத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். 'வீட்டில் நிக்கல் வந்த வழி' என்று ஒரு கட்டம். 'பாத்திரம்' என்று எழுதினால் நாளையே ஆம்புலன்ஸ் போகும், மூன்று நாளில் அவர் எழுந்து உட்கார்ந்து காலண்டரில் என்ன தேதி என்று பார்ப்பார். எழுதாவிட்டால் நான் விஞ்ஞானியே இல்லை. ஒரு நோயாளிக்கு நஞ்சு வைப்பது தெரிந்தும் மறைத்தவள். இதை நான் யாரிடமும் நியாயப்படுத்தப் போவதில்லை. அரைமணி நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, 'வீடு முழுவதும் பார்த்தேன். எவர்சில்வர் புழக்கம் இல்லை. வழி தெரியவில்லை' என்று எழுதினேன். அடுத்த பார்வை என்ற இடத்தில் ஜூலை பன்னிரண்டு என்று போட்டேன். அன்று காலையில் முதல் ஆளாக நான் அந்த வீட்டில் இருப்பேன், அவர் முழிக்கும்போது மாரீஸ்வரி தனியாக இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். இந்தத் தடவை கையில் சான்றிதழ் இருக்காது. உதவி எண்ணிலிருந்து யாராவது வந்தால், அந்தத் தாளை எழுதியவள் நான்தான், அது தப்பு என்று சொல்வதற்கு நானே அங்கே இருப்பேன்.

எழுதி முடித்து அலமாரியில் வைக்கப்போனபோதுதான் அந்தச் சிவப்புக் கோப்பு கண்ணில் பட்டது. தெளிந்து திரும்ப மயங்கியவர்களின் கோப்பு. பால்பாண்டியைத் தவிர இன்னும் பதினொரு பேர். யாராவது திருட்டுத்தனமாக முந்திரி தின்றிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பதினொரு பேர்.

முதல் பார்வைக்குப் போகும்போது வீட்டுக்காரர்கள் என்ன கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வது என் வழக்கம். அந்த நோட்டை எடுத்து ஒவ்வோர் எண்ணாகப் புரட்டினேன். ஆறாம் எண். இருபத்திரண்டு. முப்பத்தொன்று. பதினொன்றில் எட்டில் அந்த ஒரே கேள்வி இருந்தது: பழைய பாத்திரமா, புதுசா, எதில் அதிகம்? பெரும்பாலும் கேட்டது மனைவி. இரண்டில் மருமகள். ஒன்றில், பெற்ற தாய்.

எட்டு இடத்திலும் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில், சந்தோஷமாகக் கோடு போட்டு, நானே எழுதி வைத்திருந்தேன்: 'அக்கறையுள்ள குடும்பம்.'